அட்டைக்கும் அளவெடுக்க வேண்டும்: ஆண்டர்சன் தெருப் பின்சந்தில் ஒரு டி.டி.பி. கடை

கல்யாணப் பத்திரிகைக்காகப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகாத குடும்பம் வடசென்னையில் குறைவு. என் மகள் கல்யாணத்துக்கும் அங்கேதான் அடித்தோம். அந்தத் தெருவின் பின்சந்து ஒன்றில், ஒரு பேப்பர் குடோனுக்குப் பக்கத்து மரப்படியில் ஏறினால் முதல் மாடியில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் 'டி.டி.பி., ஜாப் ஒர்க், லேமினேஷன்' என்று மட்டும் எழுதியிருக்கும். வேறு பெயர் கிடையாது. கடை வைத்திருக்கும் தம்பியும் தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அங்கே செய்துகொண்டது ஒரே ஒரு வேலை. என் புத்தகத்துக்கு அட்டை.

புது வண்ணாரப்பேட்டையில் 27 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். புத்தகத்தின் பெயர் 'கொக்கியும் காஜாவும்'. 152 பக்கம். அளவு கொடுக்க வந்த பெண்கள் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது சொன்ன கதைகள், பெயரெல்லாம் மாற்றி. எந்தப் பதிப்பகமும் வாங்கிக்கொள்ளவில்லை, நானே போட்டுக்கொண்டேன். புத்தகம் நல்லதா கெட்டதா என்பது படிப்பவர் பாடு. இங்கே அட்டையைப் பற்றித்தான் பேச்சு.

இது என் இரண்டாவது அட்டை. முதல் அட்டையைச் சொன்னால்தான் இதன் அருமை தெரியும்.

முதலில் ஒரு சுயபதிப்பு நிறுவனத்தில் பேக்கேஜ் எடுத்தேன். 22,000 ரூபாய். 100 பிரதி, அட்டை, ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண், இணைய விற்பனை எல்லாம் சேர்த்து. பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில். அட்டைக்காக அவர்கள் கேட்டது இரண்டே கேள்வி: தலைப்பு என்ன, எந்தக் கலர் பிடிக்கும். இரண்டாம் நாளே அட்டை வந்துவிட்டது. தேக்கு மேசை, அதன்மேல் ஏதோ வெள்ளைக்காரர் வீட்டு மெஷின், சிவப்பு நூல்கண்டு, ஜன்னல் வழியாக இளவெயில். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் கடைக்கு ஜன்னலே கிடையாது என்பது வேறு விஷயம்.

தலைப்பில்தான் அடி விழுந்தது. 'கொ' என்ற முதல் எழுத்தே உடைந்திருந்தது. 'க' தனியாக முன்னால் நிற்கிறது. ஒற்றைக்கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளிவட்டத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் நிற்கின்றன. கடைசி 'ம்'மின் புள்ளி தலையில் உட்காராமல் பக்கத்தில் தொங்குகிறது. "சார், எழுத்து உடைஞ்சிருக்கு" என்று அனுப்பினேன். "உங்க போன்ல அப்படித் தெரியுது மேடம், பிரிண்ட்ல சரியா வந்துடும்" என்று பதில் வந்தது. பிரிண்டிலும் அப்படியேதான் வந்தது. நூறு பிரதியிலும்.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் என் வாடிக்கை. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா டெய்லரம்மா, புக்கு பேரே கிழிஞ்சி கீது?" என்றார். அதற்கு மேல் ஒரு விமர்சகர் எனக்குத் தேவைப்படவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று மாடித் தம்பி சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். யூனிகோடில் 'கொ' என்றால் கம்ப்யூட்டர் முதலில் 'க'வையும் அதற்கடுத்து 'ஒ'வுக்கான குறியையும் வைத்திருக்கும். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி 'க'வுக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. போட்டோஷாப்பில் அதற்கென்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதை மாற்றாவிட்டால் வந்த வரிசையிலேயே எழுத்தை நிற்க வைத்துவிடும். பழைய ஆட்கள் பலர் இன்னமும் பாமினி, ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களை விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றில் கொம்பு, எழுத்து, கால் என்று வரிசையாக நாமே தட்டுவதால் உடைய வழியில்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

ஆக, உடைவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். உடைந்ததைப் பார்த்த பிறகும் அச்சுக்கு அனுப்பியதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, "போட்டுப் பாருங்க, உடம்புக்கு வந்ததும் சரியாகிடும்" என்று நான் சொன்னால் யாராவது காசு கொடுப்பார்களா?

முதுகிலும் கோளாறு. புத்தகத்தின் தடிமன் 8 மில்லிமீட்டர், அட்டையில் முதுகுக்கு விட்டிருந்தது 5 மில்லிமீட்டர். மீதி இடத்தில் பின்னட்டையின் பழுப்பு ஏறிக்கொண்டு, முதுகு இரண்டு கலரில் ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. பார்கோடை வெள்ளைக் கட்டம் வைக்காமல் அந்த அடர்பழுப்பின் மேலேயே பதித்திருந்தார்கள், கடையில் ஸ்கேனர் படிக்க மறுத்தது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாகக் காசே தேவையில்லை என்பதும் அப்புறம்தான் தெரிய வந்தது. மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே கொடுக்கிறது. எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டாம் பதிப்புக்கு நானே வாங்கிக்கொண்டேன்.

லைனிங் துணி, கொக்கி, நூல் வாங்க மாதம் ஒரு தடவை பாரிமுனைப் பக்கம் போவேன். புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நாலாவது ஸ்டேஷன் மண்ணடி. அப்படிப் போன ஒரு நாளில்தான் பத்திரிகை அடித்த கடைக்காரர் இந்தத் தம்பியைக் கைகாட்டினார்.

சின்ன அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு லேமினேஷன் மெஷின். சூடான பிளாஸ்டிக் வாசனை எப்போதும் இருக்கும், தலைவலி உள்ளவர்கள் வெளியே படியில் நிற்பது நல்லது. அவருக்குச் சோறு போடுவது பூப்புனித நீராட்டு விழா பேனரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும். புத்தக அட்டை மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் அதிகம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"அக்கா, சாவு போஸ்டர் அடிக்கறவனுக்குத்தான் எழுத்து தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒட்டுறோம். காலையில பஸ்ல போறவன் அந்த ஓட்டத்துல பேரைப் படிச்சாகணும். படிக்கலைன்னா எடுப்புக்கு ஆள் வராது" என்றார்.

பிறகு என் முதல் புத்தகத்தை வாங்கி எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "இங்கிருந்து என்ன தெரியுது?" மெஷின் தெரிந்தது. வெயில் தெரிந்தது. தலைப்பு தெரியவில்லை. அடுத்து அதையே போனில் படம் எடுத்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கிக் காட்டினார். இணையத்தில் புத்தகம் வாங்குகிறவர் பார்ப்பது அந்த அளவைத்தான். அதில் மெஷினும் போய்விட்டது, பழுப்பு மட்டும் மிஞ்சியது.

அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் அளவு. எத்தனை பக்கம், உள்பக்கத்துக்கு எந்தப் பேப்பர், பைண்டிங் எங்கே, புத்தகத்தின் நீள அகலம் டெமியா கிரவுனா. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதி நம்பிக்கை எனக்கு அங்கேயே வந்துவிட்டது, அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கணக்கை ஒரு துண்டுச்சீட்டில் போட்டுக் காட்டினார். 152 பக்கம் என்றால் 76 தாள். ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஆக முதுகு 8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. டெமி அளவில் முன்னட்டை 140, பின்னட்டை 140, நடுவில் முதுகு 8, மொத்தம் 288. இதற்கு மேல் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் 'ப்ளீட்'. வெட்டும்போது கத்தி கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் வெள்ளை விளிம்பு தெரியாமல் இருப்பதற்காகக் கலரை வெளியே ஓட விடுவது.

"தையலுக்கு விடுற துணிதானே?" என்றேன். தம்பிக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. இப்போது வருகிறவர்களிடமெல்லாம் "தையலுக்கு விட்டிருக்கேன்" என்றுதான் சொல்கிறாராம்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. துணிக்கு நேர், குறுக்கு இருப்பது போலக் காகிதத்துக்கும் உண்டு. அட்டைத்தாளை ஒரு பக்கம் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேராகக் கிழிகிறது, மறுபக்கம் கிழித்தால் கோணலாக ஓடுகிறது. நேராகக் கிழியும் திசை முதுகுக்கு இணையாக இருந்தால்தான் புத்தகம் பணிந்து திறக்கும், மடிப்பில் வெடிக்காது. இவ்வளவு நாள் எத்தனையோ புத்தகம் கையில் நிற்காமல் பட்டென்று மூடிக்கொண்டதற்கு எழுதியவரைத் திட்டியிருக்கிறேன். பேப்பரைக் குறுக்கில் போட்டிருப்பார்கள்.

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனபோது என் பிரிண்ட்-அவுட்டில் நாற்பது ஐம்பது பக்கம் வரை மூலை மடிந்திருந்தது. டீக்கறையும் இருந்தது. "அக்கா, உங்க புத்தகத்துல மெஷினே வரலையே. எல்லாம் கண்ணாடி முன்னாடியும் டிரையல் பாக்குறப்பவும்தானே நடக்குது?" என்றார். உண்மைதான். எழுதிய எனக்கே அது உறைக்கவில்லை. முதல் அட்டைக்காரர்கள் தையல் என்ற சொல்லைப் பார்த்து மெஷினை வைத்தார்கள். இவர் படித்துவிட்டு மெஷினை எடுத்தார்.

அரைகுறையாகத் தைத்த ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தார். 600 டி.பி.ஐ.யில் வந்த படத்தைப் பார்த்ததும் எனக்கே மலைப்பாக இருந்தது. நூலின் முறுக்கு, கொக்கியின் கறுப்பு நிழல், காஜாவைச் சுற்றி நான் எடுத்த ஒவ்வொரு தையலும் எண்ணக்கூடிய அளவுக்கு. நாலாவது காஜாவில் ஒரு தையல் கோணல், அதையும் எண்ணலாம். முன்னட்டையின் வலது ஓரத்தில் கொக்கிப் பட்டி, பின்னட்டையின் இடது ஓரத்தில் காஜாப் பட்டி. புத்தகத்தை மூடினால் இரண்டும் பக்கங்கள் திறக்கும் பக்கமாகச் சேரும். அவ்வளவுதான் படம்.

கலருக்கு ஒரு சண்டை நடந்தது. எனக்கு மயில்நீலம் வேண்டும். திரையில் ஜொலித்தது. தம்பி ஒரு மாதிரி அடித்துக் கொடுத்தார், துவைத்த துணி மாதிரி மங்கி வந்தது. திரை வெளிச்சத்தால் கலர் காட்டுகிறது, அச்சோ சயான் என்ற நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையைக் கலந்து காட்டுகிறது. திரையில் கண்ணைப் பறிக்கிற சில நீலமும் கிளிப்பச்சையும் அந்த நாலு மைக்குள் அகப்படாது. இது எனக்குப் புதிதில்லை. எம்.சி. ரோடு கடையின் டியூப்லைட்டில் பொருந்திய ஜாக்கெட் துணி, வெயிலில் வந்ததும் சேலையோடு ஒட்டாமல் நிற்கும். அதனால்தான் வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்து வாங்கச் சொல்லுவேன். எனக்குத் தெரிந்த விஷயத்தையே எனக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கடைசியில் ராணிக் கலர். மெஜந்தா மை மெஷினிலேயே நேராக இருக்கிறது, கொஞ்சம் மஞ்சள் போதும், மங்காது. ராணிக் கலர் துணியில் கறுப்புக் கொக்கி, வெள்ளையில் தலைப்பு.

இனித் தலைப்பு. இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் போடுவதே இதற்காகத்தான்.

படத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது அரை நாள். எழுத்துக்கு மூன்று நாள். முதலில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் சிலவற்றில் தலைப்பை அடித்து வரிசையாக ஒட்டி வைத்தார். கவிவனார், காட்டாமரன், பாலு தம்பி, மீரா இனிமை. பாலு தம்பி குண்டுகுண்டாக, பார்க்கச் செல்லமாக இருக்கிறது, ஆனால் சமையல் வீடியோவில் இருந்து கோயில் பேனர் வரை எங்கும் அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. கவிவனாரின் கையெழுத்துச் சாய்வு என் புத்தகத்துக்கு ஒத்துப்போகும் போலிருந்தது. கடைசியில் எதையும் அப்படியே எடுக்காமல், தடித்த பேனாவால் தானே எழுதி ஸ்கேன் செய்தார். 'கொக்கியும்' மேல் வரி, 'காஜாவும்' கீழ் வரி. இந்தத் தலைப்பில் ஒரு சங்கடம் உண்டு. மேல் வரியில் இகரக் கொக்கியும் உகரக் கீற்றும் மேலும் கீழும் நீட்டும், கீழ் வரியில் 'ஜா' மட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டு வரியையும் நெருக்கினால் 'யு'வின் வால் 'ஜா'வின் தலையில் இடிக்கும். தள்ளி வைத்தால் இரண்டும் வேறு வேறு புத்தகத்தின் பெயர் போல ஆகிவிடும். வாலைக் குட்டையாக்கி, 'ஜா'வை ஒரு பொட்டு இடது பக்கம் நகர்த்தி அந்த இடைவெளியை அவர் சரிசெய்ததை உட்கார்ந்து பார்த்தேன். கழுத்து இறக்கத்தில் கால் அங்குலத்துக்கு நான் படும் பாடுதான் அது.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. 'கொ'வின் ஒற்றைக்கொம்பையே ஜாக்கெட் கொக்கியாக வளைத்துவிட்டால் என்ன? சொன்னேன். தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேணாங்கா. எழுத்தையே கொக்கியாக்கினா படிக்கறவன் அதுலயே மாட்டிக்குவான். கொக்கிதான் படத்துல இருக்கே."

அப்போது முகம் சுருங்கியது. இப்போது நினைத்தால் அட்டைக்குக் கொடுத்த 4,000 ரூபாயும் அந்த 'வேணாங்கா'வுக்கே கொடுக்கலாம்.

அவர் மேசைக்கு மேலே ஓவியர் ஆதிமூலம் எழுதிய தலைப்பெழுத்துகளின் ஜெராக்ஸ்கள் ஒட்டியிருக்கும். 2008-இல் காலமான ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் இலக்கியப் புத்தகங்களுக்கும் எழுதிய எழுத்துகள். தூரிகை காய்ந்து இழுத்த இடம்கூட அப்படியே இருக்கும். 1974-இல் தொடங்கிய க்ரியா போன்ற பதிப்பகங்கள் அட்டையையும் தாளையும் கட்டமைப்பையும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதைப் பற்றித் தம்பி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அன்று என் லோக்கல் பெருமையை நானும் கொஞ்சம் எடுத்துவிட்டேன். என் பாட்டி வைத்திருந்த 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகங்கள் இங்கே கொண்டித்தோப்பில் இருந்து பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்டவை. மலிவுத் தாள், பளீரென்ற அட்டை, பெயர் மட்டும் கட்டை கட்டையாக. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்கு அட்டையில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனபோது, பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. பெரிய பதிப்பகங்களின் அரங்குகளைத் தாண்டி, ஓரத்தில் சின்னக் கடைகளிலும் சொந்தமாகப் போட்டவர்கள் அடுக்கியிருந்த மேசைகளிலும்தான் அதிக நேரம் நின்றேன். அட்டை கெட்டுப்போவது படத்தால் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். படம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தின்மேல் தலைப்பு கடைசி நிமிடத்தில் வந்து நிற்கிறது, கல்யாண வீட்டில் இடம் கிடைக்காத சொந்தக்காரர் மாதிரி. கறுப்பு மேகத்தின்மேல் கருஞ்சிவப்பு எழுத்து. எழுத்து தெரியவில்லை என்று அதற்கு வெள்ளைக் கரை. கரையும் போதவில்லை என்று நிழல். ஒரு கவிதைப் புத்தகத்தில் தலைப்பு, துணைத்தலைப்பு, ஆசிரியர் பெயர், அவர் வாங்கிய பட்டம், அணிந்துரை கொடுத்தவர் பெயர் எல்லாம் ஐந்து எழுத்துருவில். ஐந்து துணியில் ஒரு ஜாக்கெட் தைக்கலாம், அதற்குப் பெயர் ஒட்டுப்போட்ட ஜாக்கெட்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் நிறைய வந்துவிட்டன. என் அக்கா மகனும் எனக்கு ஒன்று செய்து காட்டினான். ஊசி ஒரு பக்கம், துணி வேறு பக்கம், தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புழு. நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

முதுகைப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் ஒரு வருடம் கழித்துப் புத்தகம் இருக்கப் போவது அலமாரியில், அங்கே முதுகுதான் முகம். எழுத்து மேலிருந்து கீழாக ஓடினால், மேசையில் மல்லாக்க வைத்த புத்தகத்தின் முதுகை நேராகப் படிக்கலாம். நான் பார்த்த ஒரு மேசையில் ஒரே ஆசிரியரின் மூன்று புத்தகத்தில் இரண்டு மேலிருந்து கீழ், ஒன்று கீழிருந்து மேல். பாவம், மூன்றுக்கும் மூன்று பேர் அட்டை போட்டிருக்க வேண்டும்.

சரி, இந்தக் கடையின் குறைக்கு வருகிறேன். நூறு பிரதி வந்தது. பிரித்து அடுக்கும்போது பார்த்தால் 14 பிரதியில் கொக்கியின் மூக்கு அறுந்திருந்தது. தம்பி முதலில் கொக்கிகளை ஓரத்தில் இருந்து 12 மில்லிமீட்டர் உள்ளே வைத்திருந்தார். நான்தான், பட்டியின் விளிம்பில்தானே கொக்கி இருக்கும் என்று அடம்பிடித்து 2 மில்லிமீட்டருக்கு நகர்த்த வைத்தேன். பைண்டிங் முடிந்த பிறகு புத்தகங்களை அடுக்கி மூன்று பக்கமும் வெட்டுவார்கள். அடுக்கு கொஞ்சம் நகர்ந்தால் கத்தி உள்ளே போகும். போய்விட்டது. தையலுக்கு விடுவதைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவள் நான், வெட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் பூவேலை வைக்கக் கூடாது என்பதை மறந்துவிட்டேன்.

ஆனால் அவர் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. எழுத்தில் 'வேணாங்கா' என்று நின்ற ஆள், இதில் ஏன் நிற்கவில்லை? "நீங்க ஆசைப்பட்டீங்களே" என்கிறார். ஆசைப்பட்டால்? பைண்டிங் வெளியே கொடுத்தது. அவர்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே பின்னே போவது சகஜம் என்று கைகழுவிவிட்டார்கள். தம்பி அந்த 14 பிரதிக்குப் பாதிப் பணம் குறைத்துக்கொண்டார். நியாயம்தான், முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிரதிகளைக் கடையில் பாதி விலைக்கு வைத்திருக்கிறேன், மீன்காரக்கா ஒன்று வாங்கிப் போனார். இந்தத் தடவை பேரைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பைக்குள் போட்டார்.

மேட் லேமினேஷன் பற்றியும் அவர் இன்னும் எச்சரித்திருக்கலாம். கைக்கு வழவழப்பாக, ஜாக்கெட் துணி மாதிரியே இருக்கிறது. ஆனால் அடர்நிறத்தின்மேல் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது, மெஷின் எண்ணெய்க் கை பட்டால் தடம் போகவே மாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில் மேல் அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டுகொண்டது. பிளாஸ்டிக் ஒட்டிய பக்கம் ஈரத்தைக் குடிக்காது, உள்பக்கத்துக் காகிதம் குடித்து உப்பும், அதனால்தான் அந்தச் சுருட்டல். பத்து நாள் தையல் மேசைக்கு அடியில் துணி மூட்டையின் கீழே வைத்து எடுத்ததும் ஓரளவு படிந்தது.

செலவு: அட்டை வடிவமைப்புக்கு 4,000. அச்சும் பைண்டிங்கும் ஒரு பிரதிக்கு 105 வீதம் 10,500. டிஜிட்டல் அச்சு என்பதால் நூறே போதும். 12-க்கு 18 அங்குலத் தாளில் டெமி அட்டை இரண்டு அடங்கும். அட்டைத்தாள் 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள ஆர்ட் போர்டு. எனக்கு ஆன நாள் மொத்தம் 26. ஆடி மாதம் என்றால் சீக்கிரம் முடியும், முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை குவிந்திருக்கும், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

போகிறவர்கள் உள்பக்கத்தை முழுதாக முடித்துப் பக்க எண்ணிக்கை உறுதியான பிறகு போங்கள். பாதியில் போய் முதுகுக்கு உத்தேச அளவு சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார். தலைப்பை நீங்களே ஒரு தாளில் உங்கள் கையால் எழுதிக் கொண்டுபோங்கள், எங்கே அழுத்துகிறீர்கள் என்று பார்ப்பார். போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். பகல் ஒரு மணிக்கு மேல் மூன்று வரை கடை பூட்டியிருக்கும். வேலை முடிந்ததும் பிடிஎப்போடு திருப்தியடையாமல் திருத்தக்கூடிய ஓப்பன் பைலையும் பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் கொடுக்க மாட்டார். நான் கேட்க மறந்து, கொக்கியை உள்ளே நகர்த்துவதற்காக அடுத்த வாரம் மறுபடி அந்த மரப்படி ஏற வேண்டியிருக்கிறது.